வேண்டாம் என்று சொன்ன தண்ணீர்

அந்த மனிதர் ஒரு தடவைதான் கேட்டார். இரண்டு லீற்றர் போத்தல் ஒன்றை என் பக்கம் நீட்டி, தண்ணீர் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் முகம் நிறையச் சிரித்து, வேண்டாம், எங்களிடம் இருக்கிறது, மிகவும் நன்றி என்றேன். பக்கத்தில் நின்ற என் தோழியும் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். எங்கள் இருவரிடமும் சேர்த்து ஒன்றரை லீற்றர்கூட இருக்கவில்லை. முன்னால் வரப்போகும் ஓடை வற்றிக் கிடக்கிறது என்று அரை நிமிடத்துக்கு முன்னர்தான் அவரே சொல்லியிருந்தார்.

அவர் சரி என்றார். போத்தலைத் தன் பையின் பக்கத்தில் செருகினார். நல்லபடி நடந்து போங்கள் என்று சொல்லிவிட்டு நாங்கள் வந்த திசையில் இறங்கிப் போனார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தடி போய்த் திரும்பி இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். அவர் திரும்பவே இல்லை.

இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை.

2012ஆம் ஆண்டு அது. எங்கள் வீடு சிட்னியின் மேற்குப் பக்கத்தில், கிரவீனில். நான் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு நீளமான பெல்ட் ஓடும். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் அதில் வரிசையாக வரும். நான் நிற்கும் இடத்தில் சூப்புக் கிண்ணத்தையும் ஜெலியையும் வைக்க வேண்டும். எனக்கு அடுத்தவர் ரொட்டியை வைப்பார். பத்தொன்பது வருஷம் அந்த ஒரே இடத்தில் நின்றேன். தட்டுகள் எல்லாம் எங்கெங்கோ போயின. என் கால்கள் வீங்கின, நரம்புகள் சுருண்டன, ஆனால் ஓர் அங்குலம்கூட எங்கும் போய்ச் சேரவில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஊழியர்கள் சாப்பிடும் அறையின் அறிவிப்புப் பலகையில் யாரோ ஒரு வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். சிட்னித் துறைமுகத்திலிருந்து நியூகாசில் வரை காடு, மலை, பள்ளத்தாக்கு என்று இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகும் நடைபாதை. நான் ஒவ்வொரு நாளும் பாண் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், தெரிந்தவர்கள் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், நான் நியூகாசிலுக்கு நடந்து போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததுகூடப் பரவாயில்லை. என் கணவர் கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு சபையைப் பார்த்துச் சொன்னார்:

"இவ ரெண்டாம் நாளே ரெலிபோன் எடுத்து, வந்து ஏத்திக்கொண்டு போங்கோ எண்டுவா."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த இடத்திலேயே சொன்னேன். பாதை ஆற்றைக் கடக்கும் இடங்களில் படகில் ஏறுவேன், மற்றபடி சிட்னியிலிருந்து நியூகாசில் வரை ஒவ்வோர் அடியும் என் காலால்தான். ஓர் அடி குறைந்தாலும் நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னபோது அதன் முழுப் பாரமும் எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன பிறகு அது என்னுடையதாகிவிட்டது.

பத்துக் கிலோ அரிசியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து பெண்டில் ஹில் கடைத்தெருவுக்கு நடந்து பழகினேன். தமிழ் ஆட்கள் வசிக்கும் இடத்தில் ஒரு பெண் சுமையோடு தெருவில் நடப்பது எவ்வளவு பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கொரு கார் ஓரம் கட்டும். கண்ணாடி இறங்கும். ஏறுங்கோ என்பார்கள். இல்லை, பரவாயில்லை என்பேன். இதென்ன கதை, ஏறுங்கோ என்பார்கள். இல்லையில்லை என்பேன். மூன்றாம் தடவை பின்கதவைத் திறந்து இருக்கையில் கிடக்கும் சாமான்களையே ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு மேலும் மறுத்தால் மரியாதையில்லை. எத்தனையோ நாள் அரிசியோடு காரில் வீட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாமுக்கு ஒரு பொருளும் இல்லை. இரண்டாவது வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்று அர்த்தம். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன வயதில் எந்த வீட்டுக்குப் போனாலும், பலகாரத் தட்டு வந்தவுடன் அம்மாவின் கண் என் மேல் இருக்கும். கேட்ட உடனே கையை நீட்டினால் வீட்டுக்கு வந்து தொடையில் கிள்ளு விழும். அந்தக் கிள்ளுக்குப் பயந்து பழகியவள், ஐம்பத்தொரு வயதிலும் ஒருவர் தேத்தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்டால், தொண்டை வறண்டு கிடந்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்த தோழி ஒருத்தி என்னோடு வருவதாகச் சொன்னாள். அவள் திருச்சிக்காரி. கணவனோடு ஹோம்புஷில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். நான் அவளை எங்கள் ஊர் வழக்கப்படி நீர் என்று பேசினால், ஏதோ பழைய காலத்து அரண்மனையில் நிற்பது போல இருக்கிறது என்று கேலி செய்வாள். ஆனால் நடையில் கெட்டி. இருவரும் இரண்டரைக் கிழமை, அதாவது பதினேழு நாள், விடுமுறை எடுத்துக்கொண்டு ஒக்டோபர் மாதத்தில் புறப்பட்டோம்.

புறப்பட்ட அன்று எங்கள் பைகளைப் பார்த்த எந்த நடைக்காரரும் வாய்விட்டுச் சிரித்திருப்பார். நான் செத்தல் மிளகாயை இடித்துச் செய்த கட்டைச் சம்பல் ஒரு கிலோ கொண்டு போனேன். அவள் புளிக்காய்ச்சல் ஒரு போத்தலும், இரண்டு அடுக்காக இருக்கும் எவர்சில்வர் காப்பி பில்டரும் கொண்டு வந்தாள். காட்டுக்குள் எதற்கு பில்டர் என்று நான் கேட்டேன். சம்பல் எதற்கு என்று அவள் கேட்டாள். இருவரும் அதற்குப் பிறகு மற்றவர் பையைப் பற்றிப் பேசவில்லை.

பாதையில் நாட்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன. நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அதில்தான் இருந்தது. கூக்கபுராப் பறவைகள் விடியுமுன்னமே தொண்டை கிழியச் சிரித்து எழுப்பும். கூடாரத்தின் உட்புறம் எங்கள் மூச்சில் நனைந்திருக்கும். சின்ன காஸ் அடுப்பில் முதலில் எனக்குத் தேத்தண்ணீர், பிறகு அவளுக்கு டிகாக்ஷன் இறங்கும் வரை காத்திருப்பு. பிறகு வறுத்த ரவையில் சுடுதண்ணீர் ஊற்றிச் சம்பலோடு சாப்பிடுவோம். காலில் கொப்புளம் வந்த இடங்களில் அவள் ஊசியால் குத்தி நீரை எடுத்துப் பிளாஸ்டர் ஒட்டுவாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் என்னை நோயாளி மாதிரி அதட்டுவாள். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குவோம்.

காலைக்கடனுக்கு ஒரு சின்ன மண்வெட்டி வைத்திருந்தோம். முதல் நாள் இருவரும் அதைக் கண்டாலே வெட்கப்பட்டோம். நான்காம் நாள் ஒருத்தி மண்வெட்டியை எடுத்தால் மற்றவள் உடனே வரைபடத்தை விரித்துப் படிக்கத் தொடங்குவாள். வாயால் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. மழை பெய்த நாளில் காலில் போட்ட சப்பாத்துக்குள் அட்டைகள் ஏறின. உப்பைத் தூவினால் சுருண்டு விழுந்தன. அவள் கத்துவாள், நான் தூவுவேன்.

ஏற்றத்தில் பேச மாட்டோம். இறக்கத்தில் மாமியார் முதல் வேலை நேர ரோஸ்டர் எழுதும் மேலாளர் வரை யாரையும் விட மாட்டோம். பெரோரா என்ற ஊருக்குக் கிட்டப் படிப்படியாக இறங்கி ஏறுகிற இடத்தில் என் முழங்கால் இரண்டும் கெஞ்சின. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். பின்னேரம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் கூடாரம். ஓடைத் தண்ணீரை எடுத்து, கிருமி கொல்லும் மாத்திரையைப் போட்டு அரை மணித்தியாலம் வைத்துக் குடிப்போம். அது நீச்சல் குளம் மாதிரி மணக்கும். ஒரு நாளைக்குப் பதினேழு, பதினெட்டுக் கிலோமீட்டர். இரண்டாம் நாள் நான் ரெலிபோன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் கணவரே எடுத்து, சாப்பிட்டனீங்களா என்று கேட்டார். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் தான் முட்டையும் பாணும் சாப்பிடுவதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் நிறையத் திருப்தியாகவும் இருந்தது.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட அந்த மனிதரைச் சந்தித்தபோது எட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். யாரமலாங் பள்ளத்தாக்குக்கு முன்னால் வரும் நீண்ட மலைமுகடு. உள்நாட்டுப் பக்கத்திலிருந்து காய்ந்த காற்று அடித்தது. ஒக்டோபரில் அப்படியொரு வெயில் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. முந்தின நாள் முகாமில் தண்ணீர் எடுக்கும்போது, வழியில்தான் ஓடை இருக்கிறதே, எதற்கு வீண் சுமை என்று நான்தான் சொன்னேன். அவர் எழுபது வயதை நெருங்கியவர், நியூகாசிலிலிருந்து தெற்கே தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். தன்னிடம் தேவைக்கு மேல் இருக்கிறது, மத்தியானத்துக்குள் தண்ணீருள்ள இடத்துக்குப் போய்விடுவேன் என்று விளக்கம் வேறு சொல்லித்தான் கேட்டார். அதற்கு மேல் ஒரு மனிதர் எப்படிக் கேட்க முடியும்?

அவர் சொன்னது போலவே ஓடையில் கல்லும் காய்ந்த இலையும்தான் கிடந்தன. தோழி குனிந்து கல்லைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் ஈரம்கூட இல்லை. பள்ளத்தாக்குக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர் என்று வரைபடம் சொன்னது. மிச்சத் தண்ணீரைப் போத்தல் மூடியால் அளந்து குடித்தோம். ஒரு மணிக்கு அதுவும் முடிந்தது. இரண்டு மணிக்கு அவள் பேச்சை நிறுத்தினாள். இறக்கத்தில்கூடப் பேசவில்லை. மூன்று மணிக்கு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாந்தியில் தண்ணீரே இல்லை. அவள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நான் உட்கார்ந்து அதைத் தேய்த்தேன். அவள் தோல் சூடாக, ஆனால் வேர்வையில்லாமல் இருந்தது. அது நல்லதல்ல என்று அவளுக்கே தெரியும். எத்தனையோ நோயாளிகளுக்குத் தண்ணீர் குடியுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிக் களைத்தவள் அவள்.

நான் பயந்துவிட்டேன். ஐம்பத்தொரு வருஷத்தில் நான் பயந்த நேரங்கள் உண்டு. அவை மற்றவர்கள் செய்ததால் வந்தவை. இது நானே என் நல்ல பழக்கத்தால் செய்தது. அவளுடைய பையையும் எடுத்து முன்பக்கமாக மாட்டிக்கொண்டேன். அவளை என் தோளில் பிடிக்கச் சொன்னேன். இருபது அடி நடப்போம், நிற்போம், பிறகு இருபது அடி. நாங்கள் காட்டிலிருந்து வெளியே வந்து, பள்ளத்தாக்கின் தார் வீதியில் கொஞ்சத் தூரம் நடந்து, ஒரு குதிரைப் பண்ணையின் வாசலில் இருந்த இரும்புக் கேற்றைப் பிடித்தபோது ஐந்து மணிக்கு மேலாகிவிட்டது.

அந்தப் பண்ணைக்காரப் பெண் குதிரைகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டுப் பின்பக்கம் திறந்த சின்ன லொறியில் வந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டு நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவள் கேட்டு முடிக்கவில்லை, நாங்கள் இருவரும் ஒரே குரலில் ஓம் என்றோம், ஒருத்தி தமிழில், ஒருத்தி ஆங்கிலத்தில். அவள் தன் போத்தலைத் தந்தாள். தோழி குடித்ததை உடனே வாந்தி எடுத்தாள். பண்ணைக்காரி லொறியிலிருந்து இறங்கி அவள் முகத்தைப் பார்த்தாள். இவளைப் பக்கத்து நகரத்தில் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும், ஏறுங்கள் என்றாள்.

நான் அந்த வீதியைப் பார்த்தேன். அது பள்ளத்தாக்கு வழியாக வளைந்து வளைந்து போனது. அந்தக் கேற்றிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தார் வீதி, அதன் பிறகு பாதை மறுபடி காட்டுக்குள் ஏறும். ஏறினால் ஒவ்வோர் அடியும் என்ற என் பேச்சு அந்த இடத்தில் அறுந்துவிடும். இவளை அனுப்பிவிட்டு நான் இங்கேயே கூடாரம் போட்டுக் காத்திருக்கலாமா என்ற நினைப்பு எனக்கு வந்தது. வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மூச்சு நேரம் அது என் தலைக்குள் இருந்தது. பிறகு நான் தோழியைத் தூக்கி முன் இருக்கையில் ஏற்றி, நானும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

வைத்தியர் அவளுக்குச் சேலைன் ஏற்றினார். அன்றிரவும் அடுத்த நாளும் ஒரு சின்ன மோட்டலில் தங்கினோம். அடுத்த நாள் மத்தியானம் அவள் கட்டிலில் சாய்ந்து, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டியால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்த மனுசன் கேட்டப்ப ஏன்க்கா வேண்டாம்னீங்க?"

"நீரும்தானே தலையாட்டினீர்."

"நீங்க பெரியவங்க. நீங்க வேண்டாம்னப்புறம் நான் எப்படிக் கைநீட்டி வாங்குறது?"

எனக்கு அழுகை வந்தது. நான் உண்மையைச் சொன்னேன். "அந்தாள் இன்னொருக்காக் கேக்கும் எண்டு நினைச்சனான்."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். பிறகு, "நானும்தான்க்கா" என்றாள். வெடித்த உதடுகளோடு இருவரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க உதட்டில் இரத்தம் வந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இருவரையும் இரண்டு அம்மாமார் ஒரே மாதிரித் தொடையில் கிள்ளி வளர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ப்புத்தான். கொஞ்சம் விட்டிருந்தால் ஆளையே கொண்டு போயிருக்கும்.

மூன்றாம் நாள் காலை பண்ணைக்காரி எங்களைத் திரும்பவும் ஏற்ற வந்தாள். அவளுக்கு அப்படி ஓர் அவசியமும் இருக்கவில்லை. நான் பண்ணைக் கேற்றிலேயே இறக்கிவிடச் சொல்ல நினைத்தேன். ஆனால் எங்கள் விடுமுறையில் இரண்டு நாள் போய்விட்டது. தோழி எழும்பி நடக்கிறாள் என்பதே பெரிய காரியம். தார் வெயிலில் எட்டுக் கிலோமீட்டரை அவளுக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. அவளைத் தனியே அனுப்பவும் முடியவில்லை. லொறி அந்தக் கேற்றைத் தாண்டிப் போகும்போது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவையும் பார்த்தேன். காட்டுப்பாதை தொடங்கும் மரக்கம்பத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். அங்கிருந்து நடந்தோம்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். யார் எதைக் கேட்டாலும் முதல் தடவையே ஓம். ஒரு முகாமில் ஒரு குடும்பம் மிஞ்சிய சோசேஜ் வேண்டுமா என்று கேட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, தோழி விரதம். இருந்தாலும் சட்டம் சட்டம் என்று ஓம் என்றாள். வாங்கி, பாணைத் தான் சாப்பிட்டு, இறைச்சியை என் கிண்ணத்தில் போட்டாள். இன்னோர் இடத்தில் ஒருவர் கொடுத்த ஆரஞ்சு நிறத் தோடம்பழத்தைத் தோலோடு கடிக்கப் போனேன், அவ்வளவு அவசரம். வாங்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொடுத்தவர்களின் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் நியூகாசிலில் கடலைக் கண்டோம். தோழி அழுதாள். அவள் கணவன் பூமாலை வாங்கி வந்திருந்தார். என் கணவர் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீரும் உளுந்து வடையும் கொண்டு வந்திருந்தார். வடை அவரே சுட்டது, ஓட்டை ஒன்றிலும் நடுவில் இருக்கவில்லை. படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் நான் சிரிக்கிறேன். ஆனால் எனக்கு உள்ளே ஒன்றும் வரவில்லை. கடலைப் பார்க்கிறேன், அந்த எட்டுக் கிலோமீட்டர் வீதிதான் கண்ணில் ஓடுகிறது.

கிரவீனில் எங்கள் ஆட்கள் என்னைக் கொண்டாடினார்கள். அன்ரிமார் என் காலைப் பார்க்கக் கேட்டார்கள். சிட்னியிலயிருந்து நியூகாசில் மட்டும் நடந்தனீங்களாமே என்று யாராவது சொன்னால், எட்டுக் கிலோமீட்டர் குறை என்று நான் உடனே சொல்வேன். அவர்களுக்கு அது விளங்காது. தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் புகழுவார்கள். வேலையில் பெல்டுக்கு முன்னால் நிற்கும்போது அந்த எட்டுக் கிலோமீட்டர் வந்து நிற்கும். என் கணவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"இருநூத்தி நாப்பத்திரண்டு நடந்திட்டீர். எட்டு விட்டது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேலையில்லை என்றார்.

தோழியையும் கூப்பிட்டேன். அவள் தனக்கு அது கடற்கரையிலேயே முடிந்துவிட்டது என்றாள். அவள் சொன்னது அவளைப் பொறுத்தவரை சரி. அவள் யாரிடமும் சவால் விடவில்லை.

டிசம்பர் தொடக்கத்து ஞாயிறு அது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட்டம். இந்தத் தடவை நான் மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டு போனேன், எட்டுக் கிலோமீட்டருக்கு. பண்ணைக்காரிக்கு ஒரு தகரப் பேணி நிறைய முறுக்குக் கொண்டு போனேன். அவள் வாங்கி அந்த இடத்திலேயே ஒன்றைக் கடித்தாள். பிறகு கேற்றுக்கு வந்தேன். அன்று லொறி எந்தப் பக்கம் நின்றது, என் கால் கடைசியாக எங்கே பட்டது என்று சரியாக நினைவில்லை. சந்தேகம் இருக்கக்கூடாது என்று ஐம்பது அடி பின்னுக்குப் போய் அங்கிருந்து தொடங்கினேன். என் கணவர் காரில் சாய்ந்து நின்று இதைப் பார்த்தார்.

முதல் கிலோமீட்டர் அவர் காரை என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியை இறக்கி, காற்று நல்லா இருக்கு, வெயில் ஏறுது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நீங்கள் பக்கத்தில் வந்தால் எனக்கு நடந்த மாதிரி இல்லை, முன்னுக்குப் போய் நில்லுங்கோ என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். போனார்.

அந்த வீதியில் அழகு என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. வேலிக்கம்பிகள், பழைய பால் பேணிகளில் செய்த தபால் பெட்டிகள், வாலால் ஈ விரட்டும் குதிரைகள், சாணி மணம். தார் இளகிச் சப்பாத்தில் ஒட்டியது. முழங்கால் பழையபடி கெஞ்சியது. நான் அவசரப்படவில்லை. லொறியின் கண்ணாடிக்குள்ளால் பார்த்த ஒவ்வொரு வளைவும் இப்போது என் காலுக்குக் கீழே வந்தது. ஒரு வளைவுக்கு லொறியில் ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது, எனக்குப் பத்து நிமிடம். கிண்ணத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்று பத்தொன்பது வருஷம் வீங்கிய இந்தக் கால்களை நான் அன்று முதல் தடவையாக நன்றியோடு பார்த்தேன். அவை வாயில்லாமல், கேட்டதைச் செய்துகொண்டு வந்தன.

இரண்டு மணித்தியாலமும் கொஞ்சமும் ஆனது. கடைசி வளைவில் திரும்பியபோது கார் நின்றது. என் கணவர் இருக்கையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். காருக்கு அப்பால் அந்த மரக்கம்பம். ஒக்டோபரில் அதிலிருந்து புறப்பட்டுப் போனவள், இப்போதுதான் அதற்கு வந்து சேர்கிறேன். காரைத் தாண்டி நடந்து போய்க் கம்பத்தில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. எடுக்கவில்லை. அங்கே கடலும் இல்லை, மாலையும் இல்லை, படம் எடுக்க ஆளும் இல்லை. ஒரு பசு வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருந்தது. நான் குரல் விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு அவர் எழும்பிக் கதவைத் திறந்து ஓடி வந்தார்.

"என்ன, எங்கையாவது விழுந்திட்டீரே? கால் நோகுதே?"

"இல்லை" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "நான் நடந்திட்டன். சிட்னியிலயிருந்து நியூகாசில் மட்டும்."

அவர் கம்பத்தைப் பார்த்தார், நான் வந்த வீதியைப் பார்த்தார். பிறகு, கோழிக்காலோடு சபையில் சிரித்த அதே மனுசன், கையைக் கட்டிக்கொண்டு, "ஓம், நடந்திட்டீர்" என்றார்.